தளர்நடை இல்லாத வீடு

2014 செப்டம்பர் முதல் வாரத்தில் சிம்ஸ் 4 வெளிவந்தது. தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டைப் பக்கத்தில் சிம்ஸ் வரிசைக் கணினி விளையாட்டுகளைச் சிறு வயதிலிருந்தே ஆடிவந்தவர்கள் அந்த நாட்களில் பேசிக்கொண்டது பெரும்பாலும் ஒன்றைப் பற்றித்தான்: புதிய பாகத்தில் என்னென்ன இல்லை. நீச்சல் குளம் இல்லையாம். தவழ்ந்து நடை பழகும் குழந்தைகள் இல்லையாம். எதிர்வீட்டுக்குப் போவதற்குக்கூடத் திரை மாறி லோடிங் வருகிறதாம். இந்த முதல் எண்ணங்களைப் பின்னாளில் பலர் அவசரப் புலம்பல் என்று ஒதுக்கினார்கள். பழகிய விளையாட்டின் மேலுள்ள பிடிப்பு, புதியதை ஏற்க மறுக்கும் பிடிவாதம் என்று காரணம் சொன்னார்கள். இத்தனை ஆண்டுகள் கழித்து அந்தப் பேச்சுகளை நினைவிலிருந்து எடுத்துப் பார்க்கும்போது, அவற்றில் பெரும்பகுதி சரியாகவே இருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. வாழ்க்கையைப் போலச் செய்யும் விளையாட்டின் அடுத்த பாகத்தைப் பற்றி ஆடுகிறவர் சொல்லும் முதல் வார்த்தை அதில் இருப்பதைப் பற்றியதானால் சற்றுப் பொறுத்து நம்பலாம். இல்லாததைப் பற்றியதானால் உடனே நம்பலாம். இதை நான் ஏன் சொல்கிறேன் என்பதற்கு அந்த விளையாட்டு எங்கள் புறநகருக்கு வந்து சேர்ந்த காலத்திலிருந்து தொடங்க வேண்டும்.

முதல் சிம்ஸ் 2000 பிப்ரவரியில் அமெரிக்காவில் வந்தது. சென்னையின் தென்புறநகருக்கு அது கடை வழியாக வந்ததைவிடக் கைமாறி வந்ததே அதிகம். ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய அசெம்பிள்டு சிஸ்டம், பர்மா பஜாரில் கிடைத்த சிடி, அதை ரைட் செய்து கொடுக்கும் பக்கத்து வீட்டு அண்ணன் என்று அன்றைய விநியோகம் நடந்தது. ஜிஎஸ்டி சாலையோரத்துப் பிரௌசிங் சென்டர்களில் சிம்ஸ் எடுபடவில்லை. மணிக்குக் காசு கொடுத்து உட்காருகிறவர்கள் சுடுவதையும் வண்டி ஓட்டுவதையும்தான் ஆடினார்கள். சிம்ஸோ ஒரு வீட்டைக் கட்டி, குடும்பத்தைக் குடிவைத்து, மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டிய ஆட்டம். நேற்றுச் சேமித்த குடும்பம் இன்றும் அந்தச் சிஸ்டத்தில் இருக்கும் என்று எந்த சென்டரிலும் நம்பியிருக்க முடியாது. ஆகவே அது கூடத்தில் துணி போர்த்தி வைத்திருந்த வீட்டுச் சிஸ்டத்தின் விளையாட்டாக ஆனது. அக்கா, தங்கை, தம்பி, விடுமுறைக்கு வந்த அத்தை பிள்ளைகள் என்று முறை வைத்து ஆடினார்கள். கேம் என்றாலே பையன்கள் சமாச்சாரம் என்றிருந்த வீடுகளில் பெண் பிள்ளைகள் தங்களுக்கென்று கேட்டு வாங்கிய முதல் விளையாட்டும் அநேகமாக இதுதான். பிறகு பிஎஸ்என்எல் அகல அலைவரிசை வந்தது. இரவு இரண்டு மணி முதல் காலை எட்டு வரை கணக்கில் சேராத இணையம் கொடுத்த திட்டம் வந்தது. சிம்ஸ் 2க்கும் சிம்ஸ் 3க்கும் உரிய கூடுதல் பேக்குகள் ஊரடங்கிய நேரத்தில் இறங்கின. பணம் வேண்டுமென்றால் மதர்லோட் என்று தட்டினால் ஐம்பதாயிரம் சேரும் என்பது பள்ளி முழுக்கத் தெரிந்த ரகசியமாக இருந்தது.

இந்த விளையாட்டின் பிறப்பிலேயே என் வாதத்துக்கான முதல் சான்று இருக்கிறது. சிம்சிட்டியை 1989இல் உருவாக்கிய வில் ரைட் கலிபோர்னியாவின் ஓக்லாந்து மலைப்பகுதியில் குடியிருந்தவர். 1991 அக்டோபரில் அந்த மலையில் பரவிய காட்டுத்தீயில் அவருடைய வீடு எரிந்துபோனது. மறுபடியும் குடித்தனத்தைத் தொடங்கும்போது எதை முதலில் வாங்குவது, எது இல்லாமல் நாள் ஓடாது, எது இல்லாவிட்டால் பரவாயில்லை என்று ஒவ்வொரு பொருளாக எண்ண வேண்டி வந்ததிலிருந்துதான் சிம்ஸின் யோசனை முளைத்தது என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். படுக்கை, அடுப்பு, கழிப்பறை, விளக்கு, பேச ஒரு ஆள் என்று இல்லாதவற்றைப் பட்டியல் போட்டதில் பிறந்த விளையாட்டு அது. அதை ஆடும் எவரும் முதல் நாளிலேயே இந்தக் கண்ணைப் பெற்றுவிடுகிறார். காலி மனை கண்முன்னே இருக்கிறது. கையில் குறிப்பிட்ட பணம் இருக்கிறது. குளியலறை வைக்க மறந்தால் நம் மனிதர் நாற்றமடிக்கிறார். கட்டில் வாங்காவிட்டால் தரையில் சரிகிறார். எது குறைகிறது என்று கண்டுபிடிப்பதுதான் அங்கே ஆட்டத் திறமை. அப்படிப் பழகிய ஒருவரிடம் புதிய பாகத்தைக் கொடுத்துவிட்டு, அவர் குறைகளை எண்ணுகிறார் என்று வருத்தப்படுவது நியாயமாகாது. அந்த விளையாட்டு கற்றுக்கொடுத்த பார்வையைத்தான் அவர் அதன் மேலேயே திருப்புகிறார்.

எங்கள் புறநகரில் இந்தப் பார்வை இன்னும் கூர்மையாக இருந்ததற்கு ஊரின் வளர்ச்சியும் காரணம். தாம்பரத்தில் மெப்ஸ் ஏற்றுமதி மண்டலம் 1984 முதல் இயங்கிவந்தது. தரமணியில் டைடல் பார்க் 2000இல் திறந்தது. அதற்குப் பிந்தைய பத்துப் பதினைந்து ஆண்டுகளில் செம்பாக்கம், மாடம்பாக்கம், மேடவாக்கம், பெருங்களத்தூர், முடிச்சூர் என்று எல்லாப் பக்கமும் வயலையும் ஏரிக்கரையையும் ஒட்டி லேஅவுட்கள் விழுந்தன. மஞ்சள் கல் நட்ட மனைகள், பாதியில் நின்ற கம்பிகள், கீழே வீட்டுக்காரர் மேலே குடித்தனம் என்று மாடி ஏறிய வீடுகள், தெருவிளக்குக்கும் மழைநீர்க் கால்வாய்க்கும் நகராட்சிக்கு எழுதிய மனுக்கள்: இவற்றுக்கு நடுவே வளர்ந்த பிள்ளைகளுக்கு, மனை வாங்கிச் சுவர் எழுப்பி, கதவு எந்தத் திசையில் என்று யோசித்து, மாதக் கட்டணங்களைக் கட்டும் ஒரு விளையாட்டு அந்நியமாகவே இருக்கவில்லை. அமெரிக்கப் புறநகரைப் பார்த்துச் செய்த விளையாட்டுதான். அதில் பூஜை அறையோ வாசற்கோலமோ கிடையாது. ஆனால் வீடு கட்டுவது குடும்பத்தின் முழு வரலாறாக இருக்கும் ஓர் ஊருக்கு அதன் உள்ளடக்கம் சொல்லாமலே புரிந்தது. சிம்ஸ் 2 2004இல் வந்தபோது மனிதர்களுக்கு வயதானது, பெற்றோரின் முகச்சாயல் பிள்ளைக்கு வந்தது, தலைமுறைகள் தொடர்ந்தன. சிம்ஸ் 3 2009இல் வந்தபோது ஊர் முழுவதும் ஒரே பரப்பாகத் திறந்தது. வாசலைத் தாண்டித் தெருவில் நடந்து, பூங்கா வழியாக, இன்னொருவர் வீட்டுக் கதவைத் தட்டும்வரை ஆட்டம் எங்கும் நிற்காது. சுவருக்கும் சோபாவுக்கும் எந்த நிறத்தையும் கலந்து பூசலாம். கிளிப்பச்சைச் சுவரும் ரோஸ் நிற கிரில்லும் வைத்து, நம் தெருவில் நிற்கும் வீட்டை அப்படியே அதில் எழுப்பிவிடலாம்.

இப்படிப் படிப்படியாகச் சேர்ந்ததெல்லாம் 2014இல் பின்வாங்கியது. நிற வட்டம் போய், கொடுத்த நிறங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முறை வந்தது. கார் போனது. குடும்ப மரம் முதலில் இல்லை. ஆனால் எல்லாவற்றிலும் ஆழமாகத் தைத்தது குழந்தைகள் விஷயம். பிறந்த சிசு தொட்டிலோடு ஒட்டிய பொருளாகக் கிடந்தது. தொட்டிலை விட்டு நகராது. சில நாட்களில் அது நேரே பள்ளிக்குப் போகும் வயதுச் சிறுவனாக எழுந்து நின்றது. நடுவே எதுவும் கிடையாது. சிம்ஸ் 2இலும் 3இலும் அந்த இடைப்பட்ட வயதில் பிள்ளைக்கு நடக்கவும் பேசவும் பெற்றவர்கள்தாம் சொல்லிக்கொடுக்க வேண்டும். அந்த வேலையில்தான் ஒரு குடும்பம் குடும்பமாகத் தெரிந்தது. தமிழில் பிள்ளைத்தமிழ் என்று ஒரு இலக்கிய வகையே இந்த வயதுக்காக இருக்கிறது. மூன்றாம் மாதத்தில் காப்பு, ஐந்தில் செங்கீரை, பிறகு தாலாட்டு, கைதட்டல், முத்தம், தளர்நடையிட்டு வா என்று அழைக்கும் வருகை, நிலவைக் காட்டும் அம்புலி என்று இருபத்தொன்றாம் மாதம் வரை பத்துப் பருவங்களாக அதை வகுத்துவைத்திருக்கிறோம். குமரகுருபரர் மீனாட்சியம்மையைப் பாடியது இந்த வரிசையில்தான். தெய்வத்தையே நடை பழகும் குழந்தையாக்கிப் பார்த்த மரபில் வந்தவர்களிடம், வாழ்க்கையைச் சித்திரிப்பதாகச் சொல்லிக்கொண்டு அந்தப் பருவங்கள் அத்தனையையும் தாண்டிக் குதித்த விளையாட்டைக் காட்டினால், முதல் பார்வையிலேயே என்ன காணோம் என்று தெரியாமலா இருக்கும்? அதைக் கண்டுகொள்ள நாற்பது மணி நேரம் ஆடிப் பார்க்க வேண்டியதில்லை.

இன்னொரு குறையும் அதே வாரத்தில் கண்ணில் பட்டது. அதைப் பற்றி அன்று போதுமான அளவு பேசவில்லை. கறுத்த தோல் நிறங்கள் மிகக் குறைவு. இருந்தவையும் சாம்பல் பூத்ததுபோலத் தெரிந்தன. தன்னைப் போல ஒரு மனிதரை உருவாக்க உட்கார்ந்த தமிழ்ப் பிள்ளை, முகத்தையும் முடியையும் ஒருவாறு பிடித்துவிட்டு, நிறத்தில் தோற்றுப்போனது. அப்பாவின் நிறமும் அம்மாவின் நிறமும் பெரியம்மாவின் நிறமும் வேறுவேறாக இருக்கும் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு அந்த வறுமை உடனே தெரிந்தது. சிம்ஸை வெளியிடும் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் இதைச் சரிசெய்ய ஆறு ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. 2020 டிசம்பரில்தான் நூற்றுக்கும் மேற்பட்ட புதிய நிறங்களும், வெளிர்ப்பையும் கருமையையும் கூட்டிக் குறைக்கும் வசதியும் வந்தன. முதல் நாள் குறையும் ஆறாம் ஆண்டுத் திருத்தமும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. அவசரக் குறை என்றால் இப்படிப் பொருந்தியிருக்காது.

இனி எதிர்வாதங்கள். வலுவான முதல் வாதம் இது: சிம்ஸ் 3க்கு 2013 முடிவுக்குள் பதினொரு எக்ஸ்பான்ஷன் பேக்குகள் வந்துவிட்டன, நான்கு ஆண்டுகளாக ஊதிப் பெருத்த அந்த விளையாட்டோடு, நேற்றுப் பிறந்த சிம்ஸ் 4இன் வெறும் அடிப்படைப் பதிப்பை ஒப்பிடுவது எப்படி நியாயமாகும்? பருவகாலமும் செல்லப் பிராணிகளும் இல்லை என்று முதல் வாரத்தில் குறைபட்டவர்களுக்கு இந்தப் பதில் பொருந்தும். அவை எப்போதுமே தனியாக விற்றவைதாம். ஆனால் பெரும் புகாராக எழுந்த இரண்டுக்கும் இது பொருந்தாது. நீச்சல் குளம் 2000இல் வந்த முதல் சிம்ஸின் அடிப்படைப் பதிப்பிலேயே இருந்தது. தளர்நடைக் குழந்தைகள் 2004இல் சிம்ஸ் 2இன் அடிப்படைப் பதிப்பிலேயே வந்துவிட்டார்கள். பதினான்கு ஆண்டுகள் ஒன்றும் பத்து ஆண்டுகள் மற்றொன்றும் அடித்தளமாக இருந்தவை. ஆடியவர்கள் அலங்காரத்தைக் கேட்கவில்லை, அஸ்திவாரத்தைக் கேட்டார்கள். தயாரிப்பாளர் ரேச்சல் பிராங்க்ளின் வெளியீட்டுக்கு முன்பே, 2014 கோடையில், புதிய தொழில்நுட்பத்துக்கும் மனிதர்களின் உணர்ச்சி வெளிப்பாட்டுக்கும் முன்னுரிமை கொடுத்ததால் இவற்றைச் சேர்க்க இயலவில்லை என்று விளக்கினார். நேர்மையான விளக்கம்தான். நேரமும் ஆளும் அளவானவை என்பதும் உண்மை. என்றாலும் எதை விட்டுவிடலாம் என்று தேர்ந்தவர்கள், குழந்தை வளர்ப்பு ஒரு வசதிதான், இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் ஆட்டம் நடக்கும் என்று கருதியிருக்கிறார்கள். ஆடியவர்கள் அதை ஆட்டத்தின் உயிராகக் கருதினார்கள். பின்னால் நடந்தவை யார் கருதியது சரி என்று காட்டின.

இரண்டாவது வாதம் நினைவைப் பற்றியது. பழைய விளையாட்டு நினைவில் அழகாகிவிடும். அது கொடுத்த எரிச்சல்கள் மறந்துபோகும். இதில் உண்மை இருக்கிறது. சிம்ஸ் 3இன் திறந்த ஊர் இப்பக்கத்துச் சிஸ்டங்களில் ஓடிய அழகு ஆடியவர்களுக்குத் தெரியும். இரண்டு பேக் சேர்த்தால் திணறும். ஐந்து சேர்த்தால் ஹேங் ஆகும். மூன்று மணி நேரம் ஆடி முடித்துச் சேமிக்கப் போனால் நினைவகம் போதவில்லை என்று எர்ரர் 12 வரும். அந்த மூன்று மணி நேரமும் போய்விடும். நடுவே மின்வெட்டு வேறு. 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினியில் தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. அதில் சிம்ஸ் 3ஐ முழு ஊரோடு ஓட்டுவது தவம். சிம்ஸ் 4 ஊரைத் துண்டுதுண்டாக்கி, ஒவ்வொரு மனையையும் லோடிங் திரைக்குப் பின்னால் அடைத்ததற்கு இந்த எளிய கணினிகளும் ஒரு காரணம். அந்தத் துண்டாடலால்தான் சாதாரண மடிக்கணினியில் அது நிம்மதியாக ஓடியது. தெரு போனது என்ற புகார் சரி; தெருவுக்கு ஈடாக என்ன கிடைத்தது என்பது முதல் வாரத்தில் பலருக்குத் தெரியவில்லை. அதுபோலவே ஒரு முழு அறையைச் சுவரோடும் சாமானோடும் தூக்கி வேறு பக்கம் வைக்கும் கட்டுமான முறையும், கோபத்தில் இருப்பவர் நடையிலேயே கோபம் தெரியும் உணர்ச்சி அமைப்பும் பழகப் பழகத்தான் அருமை தெரிந்தவை. இருப்பதைப் பற்றிய முதல் எண்ணத்தைப் பொறுத்து நம்ப வேண்டும் என்று நான் தொடக்கத்தில் பிரித்தது இதற்காகவே. புதிய நன்மையை உணரப் பழக்கம் வேண்டும். அது கைக்கு வர நாளாகும். இழப்பை உணரும் பழக்கமோ ஆடுகிறவரிடம் ஏற்கெனவே இருக்கிறது.

தொழில்முறை விமர்சகர்களின் மதிப்பும் இதற்கு மாறாக இல்லை. விமர்சன மதிப்பெண்களைத் திரட்டும் மெட்டாகிரிட்டிக் தளத்தின் கணக்கில் முதல் சிம்ஸ் 92, சிம்ஸ் 2 90, சிம்ஸ் 3 86. சிம்ஸ் 4 70. வெளியீட்டுக்கு முன்பே விமர்சகர்களுக்கு அந்த விளையாட்டை அனுப்பும் வழக்கத்தை எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் அந்த முறை கைவிட்டிருந்ததால், ஆடியவர்களின் பேச்சே முதலில் வந்தது. பிறகு வந்த விமர்சகர்கள் பெரும்பாலும் அதையே நிதானமான மொழியில் எழுதினார்கள்.

மூன்றாவது வாதத்தை எங்கள் பக்கத்தைப் பார்த்தே கேட்க வேண்டும். சிம்ஸ் 4இன் அமெரிக்க விலை 60 டாலர், அன்றைய மாற்று மதிப்பில் ஏறத்தாழ 3,600 ரூபாய். இங்கே ஆடியவர்களில் பலர் அதைக் கொடுத்து வாங்கவில்லை. கைமாறிய பிரதியைத்தான் ஆடினார்கள். காசு கொடுக்காதவருக்குக் குறை சொல்ல என்ன உரிமை? விளையாட்டைச் செய்தவர்களே இதற்கு ஒரு பதில் வைத்திருந்தார்கள். குளிக்கும் மனிதரின் உடலை மறைக்கும் கட்டம்கட்டமான மங்கல், திருட்டுப் பிரதிகளில் மெல்லப் பரவித் திரை முழுவதையும் மூடிவிடும். அப்படி மூடிய திரையோடு போராடியவர்கள் இப்பக்கத்திலும் இருந்தார்கள். அவர்கள் சொன்ன குறைகளில் அந்த மங்கலைப் பற்றியதைக் கழித்துவிடலாம். அதற்கு அவர்களே பொறுப்பு. நகல் எடுப்பது தவறு என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் தளர்நடைக் குழந்தை இல்லை என்று கனடாவின் பிராம்ப்டனில் காசு கொடுத்தவர் சொன்னாலும் பல்லாவரத்தில் கொடுக்காதவர் சொன்னாலும் அது ஒரே உண்மைதான். ரசீது ஒருவருக்குப் பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமையைக் கொடுக்கும். கண்ணுக்கு முன்னால் உள்ளதைச் சொல்ல ரசீது தேவையில்லை. இலவசமாகப் பெற்றவருக்குக் கொடுத்த காசு வீணாயிற்றே என்ற கோபம் இல்லாததால், அவர் சொல்வதில் கலப்படம் குறைவு என்றுகூட வாதிடலாம்.

கடைசி வாதம் மிகவும் எளியது, அதனாலேயே பதில் சொல்லக் கடினமானது. இது வெறும் விளையாட்டு. பொய் வீட்டில் பொய்க் குளம் இல்லை என்று வருந்துவதற்கு மனிதருக்கு நேரம் இருக்கிறதா? சிம்ஸ் 4 வந்த மறு ஆண்டு, 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த இருபத்து நான்கு மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பெய்தது. அடையாறு கரை மீறி, மேற்குத் தாம்பரம், முடிச்சூர், வரதராஜபுரம் பக்கத்து வீடுகளின் கீழ்த்தளங்களை மூழ்கடித்தது. சிஸ்டம் வைத்திருந்த மேசைகளும் அதில் போயின. அந்த வெள்ளத்துக்குப் பக்கத்தில் விளையாட்டுக் குறைகளை வைத்து எடைபோட்டால் அவை ஒன்றுமே இல்லை; அதை மறுக்கவில்லை. ஆனால் நீர் வடிந்தபின் வீட்டுக்குள் நுழைந்தவர்கள் செய்த முதல் வேலை என்ன? அடுப்பு போயிற்று, மெத்தை போயிற்று, பத்திரம் நனைந்தது, பிள்ளையின் புத்தகம் போயிற்று என்று எண்ணியதுதான். மிஞ்சியதை எண்ணத் தொடங்கியது பிறகு. ஓக்லாந்தில் தீயிலிருந்து மீண்ட ரைட் செய்ததும் இதையே. குடியிருந்த இடத்தை மனிதர் அறிவது இந்த வழியில்தான், அது செங்கல் வீடாக இருந்தாலும் சரி, பத்து ஆண்டுகளாகத் திரையில் வளர்த்த வீடாக இருந்தாலும் சரி. இரண்டின் கனமும் வேறு. எண்ணும் முறை ஒன்று. அந்த எண்ணிக்கையைச் சிறுபிள்ளைத்தனம் என்று தள்ளுகிறவர்கள், பொருள்களின் வழியாகத்தான் ஒரு வாழ்க்கை நிற்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

முதல் எண்ணம் சரியாக இருந்ததற்கு நிறுவனத்தின் பின்னாளைய நடவடிக்கையைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். வெளியான அடுத்த மாதமே, 2014 அக்டோபரில், ஆவிகள் இலவசமாகத் திரும்பின. நவம்பரில் நீச்சல் குளம் வந்தது. 2017 ஜனவரியில் தளர்நடைக் குழந்தைகள் வந்தார்கள், அதுவும் இலவசமாக. 2023 மார்ச்சில் தொட்டிலை விட்டு இறங்கித் தவழும் கைக்குழந்தைப் பருவமும் வந்தது. ஆடியவர்கள் முதல் வாரத்தில் விரல்விட்டு எண்ணியவை கிட்டத்தட்ட அதே வரிசையில், சில வேகமாகவும் சில மிகத் தாமதமாகவும், திரும்பி வந்தன. அப்படித் திரும்பி வந்த குழந்தைகளுக்குத் தனித்தனிக் குணமும், பேச்சு, நடை, கற்பனை என்று தனித்தனித் தேர்ச்சியும் இருந்தன. முந்தைய பாகங்களில் இருந்ததைவிட நன்றாகச் செய்திருந்தார்கள். காத்திருந்தால் வந்திருக்கும், கத்தியிருக்க வேண்டாம் என்று சொல்வோர் உண்டு. கேட்காமலிருந்தால் வந்திருக்குமா என்பதற்கு, எவ்வளவு கேட்டும் பத்தாண்டு கடந்தும் வராத காரும் திறந்த தெருவும் பதில் சொல்கின்றன.

வேறு ஊர்களின் வேறு விளையாட்டுகளும் இதையே காட்டுகின்றன. 2020 மார்ச் 20 அன்று நின்டெண்டோவின் அனிமல் கிராசிங் நியூ ஹொரைசன்ஸ் வெளியானது. அடுத்த வாரம் இங்கே ஊரடங்கு. உலகமே வீட்டில் அடைபட்டிருந்த நேரத்தில் வந்ததால் அந்த ஆண்டு முடிவதற்குள் மூன்று கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்ற விளையாட்டு அது. அதன் அழகைப் புகழாதவர் இல்லை. ஆனால் முதல் நாட்களிலேயே எழுந்த புகார் ஒன்று உண்டு: ஒரு கருவிக்கு ஒரு தீவுதான், முதலில் தொடங்கியவரே தீவின் போக்கைத் தீர்மானிப்பார், அதே வீட்டில் இரண்டாவதாக, மூன்றாவதாகச் சேருகிறவர்கள் குடியிருக்கலாம், ஊரை வளர்க்கும் முடிவுகள் அவர்கள் கையில் இல்லை. ஒரே சிஸ்டத்தை மூன்று பிள்ளைகள் பங்கிட்ட வீடுகளிலிருந்து வந்தவர்களுக்கு இது என்ன மாதிரியான குறை என்று விளக்க வேண்டியதில்லை. மூத்தவன் தொடங்கிவிட்டால் இளையவளுக்கு ஊரே இல்லை. அந்த விதியை நின்டெண்டோ மாற்றவேயில்லை. குறையும் இன்றுவரை குறையாகவே நிற்கிறது. 2025 மார்ச்சில் தென்கொரியாவின் கிராப்டன் இன்சாய் என்ற வாழ்க்கை விளையாட்டை முன்னோட்டப் பதிப்பாக வெளியிட்டது. நம் பையன்கள் கைப்பேசியில் ஆடும் பிஜிஎம்ஐயைத் தருகிற அதே நிறுவனம். ஒரு வாரத்தில் பத்து லட்சம் பிரதிகள் போயின. நேரடித் தொடர்ச்சி இல்லைதான். என்றாலும் சிம்ஸ் விட்ட திறந்த தெருவையும் காரையும் நிற வட்டத்தையும் அது எடுத்துக்கொண்டதால், ஆடியவர்கள் அதை வராத சிம்ஸ் 5 போலவே பார்த்தார்கள். கண்ணைப் பறிக்கும் காட்சி, ஆனால் மனிதர்களுக்குள் உயிர் குறைவு என்பதே பரவலான முதல் கருத்து. கூடவே, அதை ஓட்ட வேண்டிய கிராபிக்ஸ் கார்டின் விலையைப் பார்த்து விலகியவர்கள் இப்பக்கத்தில் நிறைய.

2022 அக்டோபரில் சிம்ஸ் 4இன் அடிப்படைப் பதிப்பு இலவசமானது. கைமாறிய பிரதிக்கு இனி அவசியம் இல்லை. இன்று தாம்பரத்தில் கல்லூரி மடிக்கணினியில் அதைத் தொடங்குகிற பெண்ணுக்குக் குளம் இருக்கிறது, தளர்நடைக் குழந்தை இருக்கிறது, தன் நிறம் இருக்கிறது. அவை முதலிலிருந்தே இருந்தவை என்றுதான் அவள் நினைப்பாள். 2014இன் கோபம் அவளுக்குப் புரியாது. 2023 டிசம்பரில் வந்த பேக்கில் ஒரே மனையில் ஆறு குடித்தனங்கள் வரை வைத்து, வீட்டுக்காரராக வாடகை வாங்கலாம். குடித்தனக்காரராக வீட்டுக்காரரோடு மல்லுக்கட்டலாம். எங்கள் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான ஆட்டம் கிடையாது. அதற்கும் முதல் வாரக் குறை இருந்தது: சேமித்த கோப்புகள் கெட்டுப்போகின்றன என்று ஆடியவர்கள் சொன்னார்கள். வளர்த்த குடும்பமே போய்விடுமோ என்ற அச்சம் அது.

2024இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் சிம்ஸ் 4ஐ அகற்றிவிட்டு அதன் இடத்தில் ஐந்தாம் பாகத்தைக் கொண்டுவரும் எண்ணம் இல்லை என்று தெரிவித்தது. ஆடுகிறவர்கள் ஆண்டுக்கணக்கில் சேர்த்ததை விட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கச் சொல்ல விரும்பவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். 2014இல் கேட்ட குரல்கள் கடைசியில் இந்த இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டன என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தக் குரல்கள் கேட்டது இதை இல்லை. புதிய ஊர் வேண்டாம் என்று அன்று யாரும் சொல்லவில்லை. 2004இலும் 2009இலும் புதிய ஊர் வந்தபோது பழைய குடும்பங்களை அப்படியே விட்டுவிட்டு மகிழ்ச்சியாகக் குடியேறியவர்கள் அவர்கள். ஏனெனில் அந்த இரண்டு முறையும் அஸ்திவாரம் கூடியிருந்தது, குறையவில்லை. பத்தாண்டு பழைய அடித்தளத்தின் மேல் பேக் மேல் பேக்காக ஏற்றிக்கொண்டே போவதற்கு ஆடுகிறவர்களின் பற்றைக் காரணம் காட்டுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. தெருவும் காரும் குழந்தைகளும் முதல் நாளே இருக்கும் ஒரு சிம்ஸ் 5ஐக் கொடுத்துப் பார்க்கட்டும். சேலையூரிலும் செம்பாக்கத்திலும் அதற்கு மனை போட ஆள் இருக்கிறது.